சுகர் டெஸ்ட்டை அருமையாகச் செய்தார்கள். பிரசவத்துக்குப் பிறகு கூப்பிடவே இல்லை

ஒரு தாய்சேய் மருத்துவமனையின் கர்ப்பகாலச் சர்க்கரைப் பிரிவையும், குழந்தை பிறந்த பிறகு நான் தேடிப் போன ஒரு ரத்தப் பரிசோதனை லேபையும் பற்றி எழுதுகிறேன். இரண்டின் பெயரையும் போடவில்லை. மருத்துவமனையைப் பற்றி ஒரு பெரிய குறை சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தக் குறை அங்கே மட்டும்தான் என்று எனக்குத் தோன்றவில்லை. வேறு வேறு இடங்களில் பிரசவம் பார்த்துக்கொண்ட தோழிகளிடம் கேட்டபோது அவர்களும் இதையேதான் சொன்னார்கள். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கர்ப்பகாலத்தில் பரிசோதனை, சிகிச்சை, பிரசவ நேரத்துக் கவனிப்பு எல்லாம் முதல் தரம். குழந்தை வெளியே வந்த பிறகு என் சர்க்கரையைப் பற்றிப் பேச அங்கே ஆளே இல்லை. அந்த இடைவெளியை நிரப்பியது அந்த லேப்தான்.

நான் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எடை சரியா, நேரம் சரியா, மாதிரி சரியாக எடுக்கப்பட்டதா என்று பார்ப்பதுதான் என் அன்றாடம். அதனால் என் கையில் ஊசி குத்தும்போதும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பரிசோதனையிலிருந்து ஆரம்பிக்கிறேன். 24-லிருந்து 28 வாரத்துக்குள் செய்வது வழக்கம். எனக்கும் அப்போதுதான் எழுதிக் கொடுத்தார்கள். முந்தின நாளே ஒரு சிஸ்டர் போன் செய்து சொன்னது எனக்குப் பிடித்திருந்தது: "மேடம், டெஸ்ட்டுக்குன்னு ரெண்டு நாளா சாப்பாட்டைக் குறைச்சுக்காதீங்க. எப்பவும் சாப்பிடுற மாதிரியே சாப்பிடுங்க. ராத்திரிக்கு மேல தண்ணி மட்டும்." இது முக்கியமான விஷயம். பயத்தில் மாவுச்சத்தைக் குறைத்துக்கொண்டு போனால் குளுக்கோஸ் குடித்ததும் சர்க்கரை வழக்கத்தைவிட அதிகமாக ஏறக்கூடும். அதனால்தான் முந்தைய மூன்று நாளும் நாளுக்கு 150 கிராமாவது மாவுச்சத்து சாப்பிட்டிருக்க வேண்டும் என்பது விதி. பல இடங்களில் இதைச் சொல்வதே இல்லை.

காலையில் வெறும் வயிற்றில் முதல் ரத்தம். பிறகு 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த ஒரு தம்ளர் தண்ணீர். அந்தப் பொடியை எடைபோட்ட பெண்ணிடம் எந்த வகை குளுக்கோஸ் என்று கேட்டேன். நீர் மூலக்கூறு சேர்ந்த பொடி என்றால் 82.5 கிராம் எடுத்தால்தான் அதில் 75 கிராம் குளுக்கோஸ் இருக்கும். கேள்வியைக் கேட்டு அவர் முகம் சுளிக்கவில்லை. டப்பாவைத் திருப்பி லேபிளைக் காட்டினார், பக்கத்தில் சுவரில் ஒட்டியிருந்த தாளையும் காட்டினார்; அதில் இரண்டு வகைக்கும் இரண்டு எடை எழுதியிருந்தது. இப்படி ஒரு தாள் சுவரில் இருக்கிற இடத்தை நான் நம்புவேன்.

ஐந்து நிமிடத்துக்குள் குடித்து முடிக்கச் சொன்னார்கள். திகட்டும், நெஞ்சைக் கரிக்கும். ஆனால் குடிக்க முடியாதது இல்லை. நன்றாகக் குளிர்ந்த தண்ணீரில் கரைத்துக் கொடுத்தது உதவியாக இருந்தது. நேரக் கணக்கு முதல் மிடறு குடிக்கும்போதே ஆரம்பிக்கிறது, குடித்து முடிக்கும்போது அல்ல. என் கையில் ஒரு சீட்டு கட்டினார்கள்: குடிக்க ஆரம்பித்த நேரம், ஒரு மணி நேர ரத்தம் எடுக்க வேண்டிய நேரம், இரண்டு மணி நேர ரத்தம் எடுக்க வேண்டிய நேரம். நான் கூப்பிட வேண்டியே வரவில்லை; நேரம் நெருங்கும்போது அவர்களே வந்து நின்றார்கள். நடுவில் நடக்கக் கூடாது, சாப்பிடக் கூடாது, வாந்தி எடுத்துவிட்டால் டெஸ்ட் செல்லாது. என் அருகில் இருந்த பெண்ணுக்கு முக்கால் மணி நேரத்தில் வாந்தி வந்துவிட்டது. அவரைத் திட்டாமல், வாய் கொப்பளிக்க வைத்து, படுக்க வைத்து, வேறொரு நாள் குறித்துக் கொடுத்து அனுப்பினார்கள்.

இன்னொன்றையும் கவனித்தேன். ரத்தம் சாம்பல் நிற மூடி போட்ட குழாயில் போனது. அதில் ஃப்ளோரைடு இருக்கும். குழாய்க்குள் போன பிறகும் ரத்த அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன. அவை சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். சாதாரணக் குழாயில் அறை வெப்பத்தில் வைத்தால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை அளவு இறங்கிவிடும். ஃப்ளோரைடும் உடனே முழுதாகத் தடுத்துவிடாது, வேலை செய்ய ஒன்றிரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். அதனால் குழாயை மேசையில் போட்டு வைக்காமல் சீக்கிரம் இயந்திரத்தில் சுழற்றி அணுக்களைப் பிரிக்க வேண்டும். இங்கே ஒவ்வொரு குழாயையும் எடுத்தவுடனே பனிக்கட்டித் தட்டில் வைத்து உள்ளே அனுப்பினார்கள். எனக்கு வந்த வெறும் வயிற்று எண் 96 (ஒரு டெசிலிட்டருக்கு, அதாவது 100 மில்லிக்கு, இத்தனை மில்லிகிராம் சர்க்கரை; கீழே வரும் எண்களும் இதே கணக்கு). எல்லைக்கோடு 92. அந்தக் குழாய் ஒரு மணி நேரம் வெளியில் கிடந்திருந்தால் என் எண் கோட்டுக்குக் கீழே போய், "நார்மல்" என்று வீட்டுக்கு அனுப்பியிருக்கவும் கூடும்.

எண்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆளுக்கு ஆள் வேறு எண்ணைச் சொல்லிக் குழப்புவார்கள். எனக்குச் செய்த முறை, உலக சுகாதார நிறுவனம் 2013-இல் ஏற்றுக்கொண்டது: வெறும் வயிற்றில் 92, ஒரு மணி நேரத்தில் 180, இரண்டு மணி நேரத்தில் 153 மில்லிகிராம். மூன்றில் ஏதாவது ஒன்று தொட்டாலே கர்ப்பகாலச் சர்க்கரைதான். அமெரிக்காவில் பல டாக்டர்கள் முதலில் 50 கிராம் கொடுத்துப் பார்த்துவிட்டு, சந்தேகம் வந்தால் 100 கிராமில் மூன்று மணி நேர டெஸ்ட் செய்கிறார்கள். இந்தியாவில் சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் 75 கிராம் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து 140-ஐத் தொடுகிறதா என்று பார்க்கிற முறை பரவலாக இருக்கிறது. கோடு எங்கே போடுவது என்பதில் இத்தனை வேறுபாடு இருப்பதற்குக் காரணம் உண்டு. ஒன்பது நாடுகளில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைக் கவனித்து 2008-இல் வெளிவந்த ஹாப்போ ஆய்வில், தாயின் சர்க்கரை ஏற ஏறக் குழந்தையின் எடையும் மற்ற சிக்கல்களும் படிப்படியாகவே ஏறின. இதற்குக் கீழே ஆபத்தே இல்லை என்று சொல்லும்படி ஒரு படிக்கட்டு அங்கே தெரியவில்லை. கோட்டை மனிதர்கள்தான் போட வேண்டியிருந்தது.

எனக்கு ஒரு மணி நேரத்தில் 171, இரண்டு மணி நேரத்தில் 149. இரண்டும் கோட்டுக்குள். வெறும் வயிறு மட்டும்தான் மீறியது. "ஒண்ணுதானே, நாலு புள்ளிதானே, விட்டுடலாமா டாக்டர்?" என்று என் கணவர் கேட்டார். டாக்டர் அவருக்காக ஒரு தாளில் படம் போட்டார். அந்தப் பத்து நிமிடத்துக்காகவே இந்த மருத்துவமனைக்கு நான் நன்றி சொல்வேன்.

அவர் சொன்னது இதுதான். நஞ்சுக்கொடி சுரக்கிற ஹார்மோன்கள் தாயின் உடம்பில் இன்சுலினின் வேலையை மட்டுப்படுத்துகின்றன. குழந்தைக்குத் தடையில்லாமல் சர்க்கரை போய்ச் சேர உடம்பு செய்துகொள்ளும் ஏற்பாடு அது. தாயின் கணையம் ஈடுகொடுத்துக் கூடுதலாக இன்சுலின் சுரந்துவிட்டால் சிக்கல் இல்லை. ஈடுகொடுக்க முடியாதபோது ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. அந்தச் சர்க்கரை நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போய்விடும், தாயின் இன்சுலின் தாண்டாது. வருகிற சர்க்கரைக்கெல்லாம் குழந்தையின் கணையமே இன்சுலின் சுரக்க வேண்டியதாகிறது. அதில்தான் குழந்தை தேவைக்கு மேல் கொழுக்கிறது, பிரசவத்தில் அதன் தோள் சிக்கிக்கொள்கிற அபாயம் வருகிறது. தொப்புள்கொடியை வெட்டியதும் தாயிடமிருந்து சர்க்கரை நின்றுவிடும். குழந்தையின் இன்சுலின் மட்டும் அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருப்பதால் அதற்குச் சர்க்கரை இறங்கிவிடும். "நாலு புள்ளிக்காக நான் பயப்படலை. நாலு புள்ளி என்ன சொல்லுதுன்னு கேட்கணும்னு சொல்றேன்" என்றார். என் கணவர் அந்தத் தாளை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார்.

அடுத்து உணவு ஆலோசனை. இதில் எனக்குக் கலவையான அபிப்பிராயம். ஆலோசகர் நல்லவர், பொறுமைசாலி. சமைப்பவர் யாரென்று கேட்டு, நாங்கள் இருவரும்தான் என்றதும் இருவரையும் உட்கார வைத்தார். மாவுச்சத்தை மூன்று பெரிய வேளையாகச் சாப்பிடாமல் சின்னச் சின்ன வேளைகளாகப் பிரிப்பது, ஒவ்வொரு வேளையிலும் புரதம் சேர்ப்பது, சாப்பிட்ட பின் கொஞ்சம் நடப்பது என்று அவர் வாயால் சொன்னதெல்லாம் எங்களுக்குப் பொருந்தியது. கையில் கொடுத்த அச்சடித்த தாள்தான் பொருந்தவில்லை. அது எல்லாருக்கும் ஒரே தாள். காலை ஷிப்ட், மாலை ஷிப்ட் என்று மாறி மாறி வேலைக்குப் போகிற பெண்ணுக்கு அதில் ஒரு வரிகூட இல்லை. கேட்டால் உடனே மாற்றி எழுதித் தருகிறார். கேட்டு வாங்குங்கள்.

வீட்டில் பார்க்க ஒரு மீட்டரை இரவலாகக் கொடுத்தார்கள். கருவியைப் பற்றித் தனியாகச் சொல்வதற்கு நிறைய இல்லை. சின்னது, விளக்கு வெளிச்சம் போதும், ஐந்து விநாடியில் எண் வந்துவிடும். ஆனால் அதைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுத்த சிஸ்டர் தங்கம். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்த வேண்டும், வலி குறையும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் குத்த வேண்டும். இதை அவர் செய்து காட்டியே புரிய வைத்தார். பழம் நறுக்கிய கையைக் கழுவாமல் தன் விரலிலேயே குத்திக் காட்டினார், கழுவிவிட்டு இன்னொரு முறை குத்தினார். இரண்டு எண்ணுக்கும் இருந்த தூரத்தைப் பார்த்த பிறகு கை கழுவாமல் குத்த யாருக்கும் மனம் வராது. வீட்டு மீட்டர் எவ்வளவு துல்லியம் என்றும் மறைக்காமல் சொன்னார். 2013-ஆம் ஆண்டின் சர்வதேசத் தர அளவுப்படி, நூறுக்குக் கீழே 15 புள்ளி வரையும், நூறும் அதற்கு மேலும் 15 சதவீதம் வரையும் ஏறி இறங்கலாம். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முறை அதற்குள் இருந்தால் கருவி தேறிவிடும். அதனால்தான் நோய் உண்டா இல்லையா என்று முடிவு செய்ய வீட்டு மீட்டரைப் பயன்படுத்துவதில்லை. ஒரு வாரத்தின் போக்கைப் பார்க்க அது போதும். ஒற்றை எண்ணைப் பார்த்து அழாதீர்கள் என்று அவர் சொன்னதை இங்கே அப்படியே கடத்துகிறேன்.

இலக்கு எண்கள் இவை: வெறும் வயிற்றில் 95-க்குக் கீழே, சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் 140-க்குக் கீழே, இரண்டு மணி நேரத்தில் 120-க்குக் கீழே. சாப்பிட்ட பிறகு வரும் எண்கள் உணவாலும் நடையாலும் எனக்கு அடங்கிவிட்டன. வெறும் வயிற்று எண் அடங்கவில்லை. ராத்திரி முழுக்க ஈரல் தானாகவே சர்க்கரையை விடுவதால் அது உணவுக்கு அவ்வளவு எளிதில் கட்டுப்படாது என்றார்கள். படுக்கும் முன் ஒரு இன்சுலின் ஊசி ஆரம்பித்தார்கள். போட்டால் பழகிவிடுமா, விட முடியாதா, குழந்தைக்குப் போகுமா என்று நான் கேட்டதெல்லாம் அவர்கள் தினமும் கேட்கிற கேள்விகளாகத்தான் இருக்கும். ஆனாலும் முதல் தடவை கேட்பதைப் போலவே பதில் சொன்னார்கள். மீட்டர் எண்களை அவர்கள் எண்ணுக்குப் படம் எடுத்து அனுப்பினால் அன்று மாலைக்குள் பதில் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைகூட வந்திருக்கிறது.

பிரசவ நாளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வலி வந்த நேரம் முழுக்க மணிக்கொரு முறை என் சர்க்கரையைப் பார்த்தார்கள். குழந்தை பிறந்ததும் என் மார்பின் மேல் போட்டார்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே பால் குடிக்க வைத்தார்கள். குழந்தையின் குதிகாலில் குத்திப் பார்த்த முதல் எண் கொஞ்சம் குறைவாக வந்தது. சிஸ்டர் பதறவில்லை. கன்னத்தின் உட்புறம் தடவ 40 சதவீத குளுக்கோஸ் ஜெல் பக்கத்தில் தயாராக இருந்தது. "முதல்ல மறுபடி பால் குடுத்துப் பார்க்கலாம்மா" என்று சொல்லி, என் முதுகுக்குத் தலையணை வைத்து, குழந்தையின் வாயைச் சரியாகப் பொருத்திவிட்டு, பக்கத்திலேயே நின்றார். அடுத்த எண் ஏறியிருந்தது. ஜெல் தேவைப்படவில்லை. அந்த அரை மணி நேரத்தில் அவர் ஒரு தடவைகூடக் கடிகாரத்தைப் பார்த்து அவசரப்படவில்லை.

அன்று இரவே என் இன்சுலின் நிறுத்தப்பட்டது. மறுநாள் எண்கள் எல்லாம் இறங்கியிருந்தன. நஞ்சுக்கொடி போய்விட்டது, ஹார்மோன் போய்விட்டது, சர்க்கரையும் இறங்கிவிட்டது. "சுகர் நார்மல் ஆயிடுச்சு மேடம், இனிமே எல்லாம் சாப்பிடலாம்" என்று சொல்லி மீட்டரைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். இங்கிருந்துதான் என் குறை ஆரம்பிக்கிறது.

டிஸ்சார்ஜ் சம்மரி இப்போதும் என்னிடம் இருக்கிறது. நோய்க் குறிப்பில் கர்ப்பகாலச் சர்க்கரை என்றும் இன்சுலின் என்றும் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். கீழே அறிவுரைப் பகுதியில் இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம், தையல் பராமரிப்பு, குழந்தையின் தடுப்பூசித் தேதி எல்லாம் இருக்கிறது. சர்க்கரை என்ற சொல்லே இல்லை. ஆறாவது வாரம் செக்கப்புக்குப் போனேன். தையல் பார்த்தார்கள், ரத்த அழுத்தம் பார்த்தார்கள், கருத்தடை பற்றிப் பேசினார்கள். மனநிலை எப்படி இருக்கிறது என்று அறிய எடின்பரோ கேள்வித்தாளும் கொடுத்தார்கள். 1987-இல் உருவான அந்தப் பத்துக் கேள்விகளைப் பல மருத்துவமனைகள் கொடுப்பதே இல்லை. ஆகவே இவர்களைத் தாயை மறந்தவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். மறந்தது என் சர்க்கரையை மட்டும்தான். நானாகக் கேட்டேன். "ஓ, ஆமா, பார்த்துக்கலாம். வெறும் வயித்துல ஒண்ணு எடுத்துப் பார்த்துக்குங்க, போதும்" என்று அன்றைக்கு இருந்த டாக்டர் சொன்னார். எனக்குப் படம் போட்டு விளக்கியவர் இவர் இல்லை.

ஏன் இது எனக்கு இத்தனை பெரிய விஷயமாகப் படுகிறது என்று சொல்கிறேன். நஞ்சுக்கொடி போய்விட்டதால் சர்க்கரை இறங்கியது, சரி. ஈடுகொடுக்க முடியாமல் தவித்த அந்தக் கணையம் அதே கணையம்தான். கர்ப்பம் என்பது கணையத்துக்கு ஒரு சுமைச் சோதனை. எங்கள் ஆலையில் ஒரு சங்கிலி சுமைச் சோதனையில் நெளிந்தால், சுமையை இறக்கியதும் பழையபடி நேராகத் தெரிகிறதே என்று அதைக் கிடங்குக்கு அனுப்ப மாட்டோம், குறித்து வைத்துத் திரும்பத் திரும்பப் பார்ப்போம். கர்ப்பகாலச் சர்க்கரை வந்த பெண்களுக்குப் பின்னாளில் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு, வராத பெண்களைவிட ஏழு மடங்கு என்று 2009-இல் லான்செட் இதழில் வந்த தொகுப்பாய்வு சொன்னது. 2020-இல் பிஎம்ஜே இதழில் வந்த இன்னும் பெரிய தொகுப்பாய்வு அதைக் கிட்டத்தட்டப் பத்து மடங்கு என்கிறது.

இதில் ஒரு வரலாறும் இருக்கிறது. இந்தப் பரிசோதனைக்கு முதன்முதலில் முறையான எல்லைக்கோடு போட்டவர்கள் பாஸ்டனில் வேலை செய்த ஜான் ஓசல்லிவனும் கிளேர் மாஹனும், ஆண்டு 1964. அவர்கள் அந்தக் கோட்டைச் சரிபார்த்தது குழந்தையின் எடையை வைத்து அல்ல. கர்ப்பத்தில் சர்க்கரை ஏறிய எந்தத் தாய்க்குப் பின்னாளில் சர்க்கரை நோய் வருகிறது என்பதை வைத்துத்தான். தாயின் எதிர்காலத்தைக் கணிப்பதற்காகப் பிறந்த ஒரு பரிசோதனையைச் செய்துவிட்டு, பிரசவம் ஆனதும் தாயின் எதிர்காலத்தைப் பற்றி மட்டும் பேசாமல் விடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

இனி லேப். அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வழிகாட்டுதல், பிரசவமாகி 4 முதல் 12 வாரத்துக்குள் மறுபடி 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேர டெஸ்ட் செய்யச் சொல்கிறது. மருத்துவமனையில் கேட்டு அதை எழுதி வாங்கிக்கொண்டு, செய்கிற இடம் தேடிப் போனேன். கவுன்ட்டரில் இருந்த பையன், "கைக்குழந்தையோட ரெண்டு மணி நேரம் எதுக்குக்கா கஷ்டப்படணும், மூணு மாச ஆவரேஜ் டெஸ்ட் போட்டுடலாமே, ஒரே குத்து" என்றான். அவன் சொன்னது எச்பிஏ1சி. நல்லெண்ணத்தில்தான் சொன்னான். உள்ளே இருந்து வந்த மூத்த டெக்னீஷியன் அம்மா சீட்டை வாங்கிப் பார்த்தார். பிரசவமாகி எத்தனை வாரம் என்று கேட்டார். "இப்ப வேணாம்" என்றார். அந்த எண் சிவப்பணுக்களில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை வைத்து வருவது. பிரசவத்தில் ரத்தம் போயிருக்கும், புது அணுக்கள் நிறைய வந்திருக்கும், போதாததற்குக் கர்ப்பத்தின் கடைசி வாரங்களும் அந்தச் சராசரிக்குள் கலந்திருக்கும். எண் குறைவாகக் காட்டி ஏமாற்றிவிடும் என்றார். ஒரு லேபில் இருப்பவர், செய்து முடிக்கச் சுலபமான டெஸ்ட்டை வேண்டாம் என்று சொல்லி நேரம் பிடிக்கிற டெஸ்ட்டைச் செய்யச் சொன்னதை நான் மதிக்கிறேன்.

திரைச்சீலை போட்ட ஒரு சின்ன அறை கொடுத்தார்கள். கட்டில், சாய்வு நாற்காலி, துணி மாற்ற மேசை. நடுவில் குழந்தை அழுதால் பால் கொடுக்கலாம், கொடுத்த நேரத்தைச் சீட்டில் குறித்துக்கொள்கிறோம் என்றார்கள், குறித்தும் கொண்டார்கள். பால் கொடுக்கிற உடம்பு வெறும் வயிற்றோடு இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. தலை சுற்றியது, எரிச்சல் வந்தது. தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கச் சொல்லி அந்த அம்மா வந்து வந்து பார்த்தார். இரண்டாவது ரத்தம் எடுத்த கையோடு, "கூட யாராச்சும் வந்திருக்காங்களா? சாப்பாடு கொண்டு வந்திருக்கீங்களா? இங்கயே சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார். போகிறவர்கள் மறக்காமல் ஒருவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். குழந்தையைத் தூக்கி நடக்க அந்த நேரத்துக்கு இன்னொரு ஆள் வேண்டும்.

ஒரு குறை: காத்திருக்கும் இடத்தில் காய்ச்சல், இருமல் என்று வருகிறவர்களும் கூடவே உட்கார்ந்திருந்தார்கள். கைக்குழந்தையோடு வருகிறவர்களை நேராக உள்ளறைக்கு அனுப்பியிருக்கலாம்.

ரிப்போர்ட் மாலையில் வந்தது. வெறும் வயிற்றில் 98, இரண்டு மணி நேரத்தில் 152. கர்ப்பமில்லாத உடம்புக்கு எல்லைகள் வேறு. வெறும் வயிற்றில் 100-க்குக் கீழே இருந்தால் நார்மல். 126-ஐத் தொட்டால் சர்க்கரை நோய். இரண்டு மணி நேரத்தில் 140-க்குக் கீழே நார்மல். 140 முதல் 199 வரை நோய்க்கு முந்தைய நிலை. 200-ஐத் தொட்டால் நோய். என் வெறும் வயிற்று எண் நார்மல். இரண்டு மணி நேர எண் நார்மல் இல்லை. அதாவது, வெறும் வயிற்றில் ஒன்று எடுத்தால் போதும் என்ற அந்த டாக்டரின் பேச்சைக் கேட்டிருந்தால் 98 என்று ஒரு தாளை வாங்கிக்கொண்டு, எல்லாம் சரியாகிவிட்டது என்ற நிம்மதியோடு வருடக்கணக்கில் இருந்திருப்பேன். இதை எழுத உட்கார்ந்ததே இந்த ஒரு எண்ணுக்காகத்தான்.

கைக்குழந்தையோடு இருக்கும்போது இப்படி ஒரு எண் வந்தால் மனம் சோர்ந்து போகும். ஆனால் இது அறிந்துகொள்ள வேண்டிய நேரத்தில் வந்த செய்தி. அமெரிக்காவில் நடந்த நீரிழிவுத் தடுப்புத் திட்ட ஆய்வில், கர்ப்பகாலச் சர்க்கரை வந்திருந்து இப்போது நோய்க்கு முந்தைய நிலையில் இருந்த பெண்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்து 2008-இல் வெளியிட்டார்கள். உணவும் நடையும் மாற்றிக்கொண்டவர்களில் நோயாக மாறுவது 53 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை எடுத்தவர்களில் 50 சதவீதம். அந்தத் திட்டத்தில் கேட்டது வாரத்துக்கு 150 நிமிட நடையும், உடல் எடையில் 7 சதவீதக் குறைப்பும். எங்கள் குடும்ப டாக்டரிடம் ரிப்போர்ட்டைக் காட்டியபோது எடையைப் பற்றி இப்போது பேச வேண்டாம் என்றார். தூக்கம் வரட்டும், தையல் ஆறட்டும், பால் கொடுப்பதைத் தொடருங்கள், அதுவே சர்க்கரைக்கும் நல்லது என்றார். தாய்ப்பால் கொடுக்கிற தாய்மாருக்குப் பின்னாளில் சர்க்கரை நோய் வருவது குறைவு என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நடையை மட்டும் குழந்தையைத் தூக்கிக்கொண்டே ஆரம்பித்திருக்கிறேன்.

மருத்துவமனைக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். கேட்டது இரண்டுதான். டிஸ்சார்ஜ் சம்மரியின் அறிவுரைப் பகுதியில், கர்ப்பகாலச் சர்க்கரை வந்தவர்களுக்கென்று இரண்டு மணி நேர டெஸ்ட்டின் தேதி ஒரு வரி இருக்க வேண்டும். அந்தத் தேதியைக் குழந்தையின் ஆறாவது வாரத் தடுப்பூசி நாளோடு சேர்த்துப் போட்டுவிட வேண்டும். குழந்தைக்கு ஊசி போட எந்தத் தாயும் எப்படியாவது வந்து சேர்ந்துவிடுவாள், தனக்கென்று இன்னொரு நாள் ஒதுக்கி வரமாட்டாள். நர்சிங் தலைமைப் பொறுப்பில் இருப்பவர் போன் செய்து நிதானமாகக் கேட்டுக்கொண்டார். தடுப்பூசி யோசனையைக் குறித்துக்கொண்டதாகச் சொன்னார். படிவம் மாறியதா என்று இன்னும் தெரியவில்லை. மாறினால் இந்த மதிப்புரையில் சேர்த்து எழுதுவேன்.

ஆகவே, கர்ப்பகாலப் பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் இந்த மருத்துவமனைக்கு ஐந்துக்கு ஐந்து கொடுக்கிறேன். பிரசவத்துக்குப் பிந்தைய சர்க்கரைக் கவனிப்புக்கு ஒன்று. அதுவும் நான் கேட்டபோது மறுக்காமல் எழுதிக் கொடுத்ததற்காக. லேபுக்கு நான்கரை. எந்த ஊரில், எந்த மருத்துவமனையில் இருந்தாலும், கர்ப்பத்தில் சர்க்கரை வந்தவர்கள் வீட்டுக்குக் கிளம்பும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "என் இரண்டு மணி நேர டெஸ்ட் எந்தத் தேதியில்?" தேதி கிடைக்கவில்லை என்றால் போனில் நீங்களே ஒரு நினைவூட்டல் போட்டுக்கொள்ளுங்கள். அப்போது நார்மல் என்று வந்தாலும் ஒன்று முதல் மூன்று வருடத்துக்கு ஒரு முறை வாழ்நாள் முழுக்கப் பார்க்க வேண்டும். என்னைப் போல நடுவில் நிற்பவர்கள் வருடா வருடம். இன்னொரு குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்கள் கருத்தரிக்கும் முன்பே ஒரு முறை பார்த்துவிட வேண்டும். குழந்தையின் உறுப்புகள் உருவாகிற முதல் வாரங்களில் சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும், அந்த வாரங்களில் பலருக்குக் கர்ப்பம் என்றே தெரிந்திருக்காது.